இடியார் மௌனமாக இருந்த தொகுதி

இதில் ஒரு வார்த்தை பொய் இருந்தால் என் நாக்கு அழுகட்டும். அரை வார்த்தை பொய் என்றால் பாதி நாக்கு.

ராக் பாடகர் இடியார் இசைக்குழுவை விட்டுப் பிரிந்து தனியாகப் பாடிய காலத்தை ஐந்து தொகுதிகளில் ஆவணப்படுத்துவதெனக் கலைச் சிறப்புத் துறை தீர்மானித்தது. நல்ல தீர்மானம்தான். ஒரே ஒரு இடைஞ்சல், இடியார் இன்னும் பாடிக்கொண்டிருந்தார். அவர் வாழ்ந்து முடிக்கிறவரை காத்திருந்தால் ஒதுக்கிய நிதி திரும்பிப் போய்விடும். ஆகவே ஐந்தையும் இப்போதே எழுதி முடிக்கும்படி வரலாற்றாசிரியருக்கு உத்தரவாயிற்று. அவர் முன்பு குடிநீர் வாரியத்தின் ஆண்டறிக்கைகளை எழுதியவர். வராத தண்ணீரை வந்ததாக எழுதிக் கை பழகியவர்.

முதல் தொகுதி, குழுவின் டிரம்ஸ்காரர் இறந்துபோவதில் தொடங்கியது. அந்தத் துயரம் தாங்காமல்தான் இடியார் தனியே பாடக் கிளம்பினாராம். உண்மையில் டிரம்ஸ்காரர் அடுத்த தெருவில் சௌக்கியமாக இருந்தார். யார் முதலில் மேடையேறுவது என்று இருவருக்கும் சண்டை, அவ்வளவுதான். ஆனால் சண்டைக்கு அழுத்தமான அட்டைப்படம் அமையாது என்று துறை கருதியது.

இரண்டாம் தொகுதி புகழ். மூன்றாவது வெளியான வாரத்தில்தான் இடியார் ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். இத்தனை வருடத்தில் மனைவியைப் பற்றிக் கட்டிய முதல் பாட்டு. சமையலறையில் முனகிக் காட்டினார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம்" என்றார். இடியார் மறுநாளே நகர அரங்கத்துக்கு முன்பதிவு செய்துவிட்டார்.

அன்று சாயங்காலமே துறை இயக்குநர் வீடு தேடி வந்தார்.

"ஐயா பாடப் போறதா கேள்விப்பட்டோம்."

"ஆமா, புதுப் பாட்டு."

"அதுதான் சங்கடம். மூணாம் தொகுதியில நீங்க மௌனமா இருக்கீங்க."

"நான் எப்பய்யா மௌனமா இருந்தேன்?"

"இப்பதான். இந்த வருஷம் பூரா."

"இவரா? தூக்கத்துலகூட வாய் ஓயாதே" என்றார் மனைவி.

இயக்குநர் பணிவாகத் திரும்பினார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. மூணாம் தொகுதியில நீங்க இங்க இல்ல. கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டீங்க."

"எங்க போனேன்?"

"அதை வாசகர் ஊகத்துக்கு விட்டிருக்கோம்."

"போறப்ப அடுப்பை அணைச்சேனா?"

இயக்குநர் அதைக் குறித்துக்கொண்டார்.

"நாலாம் தொகுதியில பாடலாமா?" என்றார் இடியார்.

"தாராளமா. மறுமலர்ச்சி. ஆனா அச்சகத்துல தாமதம்."

"அஞ்சுல?"

இயக்குநர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "அதுல கூட்டம் அலைமோதுது ஐயா. பார்க்கத்தான் உங்களுக்குக் கொடுத்துவைக்கல."

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். நிகழ்ச்சியை ரத்து செய்ய வேண்டாம். இடியார் கிட்டாரோடு மேடையில் உட்காரலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது.

நுழைவுச்சீட்டு ஒரே காலையில் தீர்ந்துபோயிற்று. அதற்குள் மௌனம் நாகரிகமாகிவிட்டிருந்தது. இளவட்டங்கள் கம்பியில்லாத கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். காப்பிக்கடைகளில் மூன்றாம் தொகுதியை அட்டை தெரிகிற மாதிரி மேசைமேல் வைத்துவிட்டு, ஒருவரோடொருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பேசாதவர்களுக்குக் காப்பி விலை கூடுதல்.

நிகழ்ச்சியன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. வாசலில் இருந்தவர் இடியாரின் மனைவியை உள்ளே விடவில்லை. "நீங்கதான் போயிட்டீங்களேம்மா" என்றார். "திரும்பி வந்துட்டேன்னு ஊகிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

மேடையில் இடியார் மௌனம் காத்தார். கூட்டம் விம்மியது. "என்ன ஆழம்" என்று ஒருவர் தேம்பினார். இடியாரின் பார்வை மனைவிமேல் விழுந்தது. வயது ஏறுகிறது, அச்சகத்தை நம்ப முடியாது, ஐந்தாம் தொகுதி வேறு தயாராக இருக்கிறது. பொறுக்க முடியவில்லை. பாட ஆரம்பித்துவிட்டார்.

"உஷ்" என்றது அரங்கம்.

கம்பியில்லாத கிட்டார்க்காரன் ஒருவன் எழுந்தான். "பெரியவரே, அவரோட மௌனத்தைக் கெடுக்காதீங்க."

"அந்த அவரு நான்தான்பா."

"அவரு பாட மாட்டாரு. நான் படிச்சிருக்கேன்."

"முழுசாவா?"

"அட்டையை."

நாலாபக்கமும் "உஷ்". அதற்கு நடுவே இடியார் கடைசி வரி வரைக்கும் பாடினார். பின்வரிசையில் ஒரு கிழவன் மட்டும் நாற்காலிக் கையில் தாளம் தட்டினான். முன்வரிசையில் அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரங்கத்தில் வெங்காயம் கிடையாது.

மறுநாள் துறையிலிருந்து விளக்க அறிக்கை வந்தது: "அடையாளம் தெரியாத நபரொருவர் மேடையில் கூச்சலிட்டார். அந்நிலையிலும் இடியார் இறுதிவரை மௌனம் காத்தார்." ஊரே அதை ஒப்புக்கொண்டது. அந்த மௌனத்தைத் தன் காதால் கேட்டதாகச் சொல்லாத ஆள் இன்றைக்கும் கிடையாது. நீங்களும் எங்கேயோ சொல்லியிருக்கிறீர்கள்.

அந்தப் பாட்டு எனக்கு முழுசாக ஞாபகம் இருக்கிறது, தாளத்தோடு. ஆனால் இதையெல்லாம் யார் சொன்னார்கள் என்று கேட்டால் தயவுசெய்து என்னைக் கைகாட்டிவிடாதீர்கள். முதல் தொகுதியில் செத்தவன் அடுத்த தெருவில் உட்கார்ந்து கதை பேசுகிறான் என்று தெரிந்தால் துறை உடனே தவறைச் சரிசெய்துவிடும். அச்சடித்த புத்தகத்தில் கைவைக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.