தகரம் தட்டாத பயணம்

"அவன என் வண்டிய விட்டு எடுக்காதீக மொதலாளி. புது வண்டிக்கு வேற யாரையாச்சும் போடுங்க."

"நீ என்னய்யா தடுக்கிறது? சித்திரை ஒண்ணுல இருந்து அவன டிரைவராப் போடலாம்னு இருக்கேன். ஆனா ஒண்ணு, வழியெல்லாம் தகரத்தத் தட்டியே உசுர வாங்குறானாம். பிரயாணிக சொல்றாக. அந்தப் பழக்கத்த விட்டானான்னு இன்னைக்குக் கூடவே வந்து பாக்கிறேன்."

"அவன் இல்லாம எனக்குச் சரிப்படாது."

கம்பம் ஊரில், பஸ்ஸின் பின்னால் குனிந்து சாம்பல் அள்ளிக்கொண்டிருந்த ராக்கையாவின் கை அப்படியே நின்றது. முன்னால் சண்டை போட்டது முதலாளி வைகுண்டராஜும் டிரைவர் சேக் பரீத்தும். சண்டை அவனைப் பற்றித்தான்.

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் ஓர் உலையைக் கட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டி ஓட்டினார்கள். உலையைப் பார்த்துக்கொள்வது ராக்கையாவின் வேலை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு பங்குனிக் கடைசியிலும் சாம்பல் அள்ளும்போது, இந்த வருசம் நாம் என்ன ஆனோம் என்று தன்னையே கேட்டுக்கொள்வான். கையில் சாம்பல்தான் இருக்கும்.

லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தான். ஓட்டத்தான் வண்டியில்லை. சேக் பரீத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து அந்த சீட்டில் ஏறி உட்காருவான். அதில் பரீத்தின் உடம்பு பதிந்த பள்ளம் இருந்தது. இவனுக்கு அது பொருந்தாது. இருந்தாலும் இறங்க மனசு வராது.

அந்த ஏக்கத்தில் வந்ததுதான் தட்டுகிற பழக்கம். பின் ஏணியில் தொங்கிக்கொண்டு, தலையை நீட்டி ரோட்டைப் பார்ப்பான். வலது வளைவென்றால் பஸ் தகரத்தில் ஒரு தட்டு. இடது என்றால் இரண்டு. மாட்டு வண்டி வந்தால் படபடவென்று. தானே ஓட்டுவதாக ஒரு நினைப்பு.

'நான் மேல வாரது பாய்க்குப் பொறுக்கல' என்று நினைத்துக்கொண்டான். இன்றைக்கு ஒரு தட்டுக்கூடத் தட்டுவதில்லை. கை பழக்கத்தில் போய்விடும் என்று துண்டை எடுத்து வலது கையில் சுற்றி முடிச்சுப் போட்டான்.

முதலாளி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார, வண்டி கிளம்பியது.

முதல் வளைவில் ரோடு வளைந்தது, பஸ் வளையவில்லை. புழுதியில் இறங்கி ஒரு குலுக்குக் குலுக்கி ஏறியது. முதலாளியின் தலை கூரையில் இடித்தது. பின்னால் ராக்கையாவுக்குக் கொஞ்சம் சந்தோசமாகக்கூட இருந்தது.

அதன்பிறகு வண்டி ஊர்ந்தது. ஓரிடத்தில் நின்றே விட்டது. பரீத் விடாமல் ஹாரன் அடித்தார்.

"யாருக்குய்யா அடிக்கிற?" என்றார் முதலாளி.

"முன்னால வண்டி நிக்குதுல்ல."

"அது களத்துல இருக்கிற வைக்கப்போருய்யா."

பஸ்ஸே சிரித்தது. பரீத் மட்டும் சிரிக்காமல் பின்பக்கம் குரல் கொடுத்தார். "ராக்கு, இருக்கியாலே?"

"இருக்கேன் பாய். ஒழுங்கா இருக்கேன்."

வண்டி ஊர்ந்தால் கரி போடுகிறவனைத்தான் சொல்வார்கள். பயந்துபோன ராக்கையா இடது கையாலேயே உலையைக் கிளறி அனலைக் கூட்டினான். இப்போது வண்டி பறந்தது. உத்தமபாளையத்தில் ஆடுகள் சிதறின. நிற்க வேண்டிய இடத்தில் கை காட்டிய சனம் பின்னால் போனது. கடைசியில் ஒரு மண்டி வாசலில், அடுக்கியிருந்த வாழைத்தாரில் மூக்கைக் குத்தி வண்டி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

முதலாளி சட்டையில் பழத்தோடு இறங்கினார்.

"ராக்கையா, இங்கன வா. புது வண்டி எதுக்கு, இதையே நீ எடு. தட்டாம வந்தியே, நீ மனுசன். இவரு வீட்டுக்குப் போகட்டும்."

ராக்கையா ஏணியை விட்டு இறங்கினான். கையில் சுற்றிய துண்டை அவிழ்த்தான். இத்தனை வருச ஆசை, பத்தடி தூரத்தில். பரீத் இன்னும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அவருடைய பார்வை வாழைத்தார் மேலும் இல்லை, முதலாளி மேலும் இல்லை.

வழக்கமாகப் பக்கத்து ஸ்டாப்பில் சோறு கொண்டுவந்து கொடுக்கிற பரீத்தின் மனைவி ஜெய்த்தூன் பீவி, தூக்குச்சட்டியோடு ஓடி வந்தாள். புருசனிடம் போகவில்லை. நேரே ராக்கையாவிடம் வந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்:

"இன்னைக்கு ஏன் தம்பி தட்டல? அவுகளுக்கு எம் மொகமே கலங்கலாத்தான் தெரியுது. ரெண்டு வருசமா இந்த வண்டிய ஓட்டுறது நீங்கதான தம்பி."

முதலாளி மறுபடியும் கூப்பிட்டார்.

நீங்கள் ராக்கையாவாக இருந்தால் முன்னால் போய் உட்காருவீர்களா, பின்னால் ஏறுவீர்களா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தயவுசெய்து ஒரு வரி பதில் எழுதுங்கள்.