காருக்கு மூக்கு வைத்த கதை

என் கார் மூச்சுத் திணறுகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகவே கண்டுபிடித்தேன். வீடியோ பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஆனாலும் நாற்பத்தேழு வீடியோவைப் பொறுமையாகப் பார்த்தேனே, அதை உழைப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

விஷயம் எளிது. இன்ஜினுக்குக் காற்று வேண்டும். கம்பெனிக்காரன் வைத்த கறுப்பு டப்பா வழியாக அது சூட்டுக் காற்றைத்தான் இழுக்கிறது, அதுவும் வளைந்து நெளிந்து. டப்பாவைக் கழற்றிவிட்டு நேரான ஒரு குழாயும் நுனியில் கூம்பாக ஒரு ஃபில்டரும் மாட்டினால், வெளியே இருக்கும் குளிர்ந்த காற்று ஜிலுஜிலு என்று உள்ளே போகும். கார் பாயும். கோல்டு ஏர் இன்டேக் என்று பெயர். மேல்வீட்டுக்காரர் தம் காரில் மாட்டியிருந்தார். வாயைத் திறந்தால் குதிரைசக்தி பற்றியே பேசுவதால் எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பெயரே குதிரைசக்திதான்.

"எத்தனை குதிரை கூடும் சார்?"

"எட்டு. ஆனா ஒண்ணு, சத்தம் வரும். மிதிச்சா சிங்கம் மாதிரி உறுமும்."

"அது நல்லதுதானே சார்?"

"வீட்ல தெரியலைன்னா நல்லது."

எனக்குச் சிக்கலே அங்கேதான். போன வருஷம் எங்கள் வாஷிங் மெஷினை நான் ரிப்பேர் செய்தேன். மூடிய பிறகு மூன்று ஸ்க்ரூ மீதி இருந்தது. கம்பெனிக்காரன் தாராள மனசு என்று நினைத்துக்கொண்டேன். துணி பிழியும் நேரத்தில் மெஷின் புறப்பட்டு, குளியலறையைத் தாண்டி, ஹாலுக்கு வந்து, சோபாவில் உட்கார்ந்திருந்த என் மாமியாருக்கு எதிரே நின்று ஆடியது. அன்று மாமியார் முன்னிலையில் நான் ஒரு சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. இனி எந்த ஸ்க்ரூவைத் தொட்டாலும் கார் சாவி மனைவிக்கு, ஆயுசுக்கும் பக்கத்து சீட் எனக்கு.

இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வீட்டில் டிவி ரிமோட் அவளிடம். ஏசி ரிமோட் அவளிடம். ஜன்னலை எப்போது திறப்பது என்பதும் அவள் இலாகா. நான் ஆளும் ஒரே நாடு அந்த ஸ்டியரிங். ஒன்பது மணி வேலைக்கு அவளை தினமும் எட்டு ஐம்பதுக்கே இறக்கிவிடுவேன், அப்படி ஓட்டு. அவள் மட்டும் கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மெதுவா போங்க, மெதுவா போங்க" என்று ஜபம் பண்ணிக்கொண்டே வருவாள்.

அந்த வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை. ஆட்களைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, "பீப் கேக்குதா? இப்ப?" என்று கேட்கும் வேலை. எறும்பு கொட்டாவி விட்டால் அவளுக்குக் கேட்கும். அவளிடமிருந்துதான் நான் ஒரு சிங்கத்தை மறைக்க முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை அவள் தங்கை வந்து அவளை அழைத்துப் போனாள். நான் பானெட்டைத் திறந்தேன். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும் என்பது விதி. கழற்றினேன். கறுப்பு டப்பா பிறந்த வீட்டை விட்டு வர மறுக்கும் பெண்ணைப் போல ஒட்டிக்கொண்டு கிடந்தது. என் விரல் முட்டிகளில் தோல் போயிற்று. டப்பாவில் இருந்த, காற்றை அளக்கும் சென்சாரைப் பிடுங்கிப் புதுக் குழாயில் பொருத்தினேன். மூன்று மணி நேரம் கழித்து வேலை முடிந்தபோது ஒரு ஸ்க்ரூகூட மீதி இல்லை.

பேட்டரியைக் கழற்றியதால் காரின் கடிகாரம் பன்னிரண்டு என்று மின்னிக்கொண்டிருந்தது. விவரம் தெரியாதவன் இந்த இடத்தில்தான் மாட்டுவான். நான் போனைப் பார்த்து, ஒரு நிமிஷம் பிசகாமல் மணியைச் சரிசெய்தேன். அவள் கேட்கும் ரேடியோ ஸ்டேஷன்களையும் வரிசை மாறாமல் பதித்தேன். பழைய டப்பாவைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன்.

பிறகு ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தேன். என்ன உறுமல். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கூடவே ஒரு உண்மையும் தெரிந்தது. இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர் முள் இரண்டாயிரத்தைத் தாண்டினால்தான் சிங்கம் வாயைத் திறக்கும். அதற்குக் கீழே தூங்கும். ஆகவே அவள் இருக்கும்போது இரண்டாயிரத்துக்குக் கீழே ஓட்டினால் போதும்.

திங்கட்கிழமை காலை அவள் ஏறினாள். பெல்ட்டைப் போட்டாள். எதிரே பார்த்தாள். தன் போனைப் பார்த்தாள். மறுபடி எதிரே பார்த்தாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. போலாம்."

போனோம். காய்கறிப் பையோடு ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார். அடுத்து ஒரு நாய் தாண்டியது. அந்த நாயைப் பிடித்துக்கொண்டு நடந்த பெரியவரும் தாண்டினார், உள்ளே எட்டிப் பார்த்தபடி.

"ஏங்க, உடம்பு சரியில்லையா?"

"ஏன்?"

"மெதுவா போறீங்க."

"பாதுகாப்பு முக்கியமில்லையா?"

"அதைத்தானே பதினோரு வருஷமா சொல்றேன்."

"மனுஷன் திருந்தக் கூடாதா?"

"தாராளமா திருந்துங்க. பாலத்து மேல போவோமா?"

பாலம் ஏற்றம். ஏற்றத்தில் மிதிக்க வேண்டும். மிதித்தால் சிங்கம்.

"கீழ்ப்பாதையில போலாம்மா. காட்சி நல்லாயிருக்கும்."

"என்ன காட்சி? சிமென்ட் குடோனா?"

"அதுவும் ஒரு காட்சிதானே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. குடோனைப் பார்த்து மனம் நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து அரை மணி முன்னதாகக் கிளம்பினோம். முதல் வாரம் கைப்பிடியை விட்டாள். இரண்டாம் வாரம் காரில் புத்தகம் படிக்க ஆரம்பித்தாள். மூன்றாம் வாரம் மாமியாரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டாள். "மாப்பிள்ளை என்ன பக்குவமா ஓட்டுறார், எனக்குத் தூக்கமே வந்துடுச்சு" என்றார் அவர். பதினோரு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது. எட்டுக் குதிரையை வாங்கிக் கட்டிப்போட்டுவிட்டு, நடந்து போகிறவனை யாராவது பாராட்டினால் எப்படி இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை தோல்வியை ஒப்புக்கொண்டேன். புதுக் குழாயைக் கழற்றிவிட்டுப் பழைய டப்பாவையே மாட்டிவிடலாம். பரணில் ஏறினேன். துணி இருந்தது, அழகாக மடித்து. டப்பா இல்லை.

"என்ன தேடுறீங்க?" கீழேயிருந்து அவள் குரல்.

"பழைய குடை."

"கறுப்பா, பெட்டியா, ஒரு பக்கம் மூக்கு நீட்டிட்டு இருக்குமே, அந்தக் குடையா?"

நான் பரணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"பால்கனியில இருக்குங்க. அதுலதான் புதுச் செடி வெச்சிருக்கேன். தண்ணி வடிய அடியில ஓட்டைகூட இருக்கு, ரொம்ப வசதி. ரெண்டு வாரமா நீங்கதானே அதுக்குத் தண்ணி ஊத்துறீங்க."

ஆமாம், ஊற்றினேன். "தொட்டி புதுசா இருக்கே, நல்லாயிருக்கு" என்றுகூடச் சொன்னேன்.

இறங்கி வந்து கேட்டேன். "எப்ப தெரியும்?"

"முதல் திங்கக்கிழமையே. வண்டியில ஏறின உடனே."

"சத்தமே வரலையே."

"சத்தம் எதுக்கு? கடிகாரம் சரியான மணி காட்டுச்சு."

"சரியா காட்டினா தப்பா?"

"இந்த வண்டி வாங்கின அன்னிக்கே அதைப் பத்து நிமிஷம் பின்னாடி வெச்சுட்டேங்க. சரியான மணியைப் பார்த்தா நீங்க இன்னும் மிதிப்பீங்கன்னு."

ஆறு வருஷமாக எட்டு ஐம்பதுக்கு நான் இறக்கிவிட்டது, உலகத்துக்கெல்லாம் ஒன்பது மணி.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"சொன்னா மெதுவா ஓட்டுவீங்களா?" என்று உள்ளங்கையை நீட்டினாள். "சரி, குடுங்க."

"என்னது?"

"சாவி. அம்மா முன்னாடி பண்ண சத்தியம்."

"பழசையே மாட்டிடறேன்ம்மா."

"வேண்டாம். செடி வேர் பிடிச்சிடுச்சு."

கொடுத்தேன். அவளிடம் இருக்கும் லைசென்ஸ் என்னுடையதைவிட இரண்டு வருஷம் பழையது. சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருத்தினாள், நேராகப் பாலத்துக்கே விட்டாள். முள் இரண்டாயிரத்தைத் தாண்டியது. மூவாயிரம். நாலாயிரம். சிங்கம் மூன்று வாரப் பசியில் உறுமியது. அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை. என் இரண்டு கையும் தாமாகவே கதவுக்கு மேலே போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டன.

"மெதுவா போம்மா" என்றேன். அவள் திரும்பவில்லை. "கொஞ்சம் மெதுவா போயேன்" என்று கத்தினேன்.

எறும்பின் கொட்டாவியும் கேட்கிற என் மனைவி சொன்னாள்: "என்னங்க? இந்தச் சத்தத்துல ஒண்ணுமே காது கேக்கல."