ஃபிர்மினு வண்டியிலேயே இருக்கிறார்

அட்லாண்டிக் பெருங்கடலின் அடியிலிருந்து எரிமலைகள் சீறியெழுந்து சாவ் மிகேல் தீவை எதற்காக உண்டாக்கின என்று புவியியலாளர்கள் இன்னும் குழம்பிக்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்குக் குழப்பம் இல்லை. ஃபிர்மினு மெடைருஷுக்குக் கார் நிறுத்த ஓர் இடம் வேண்டியிருந்தது.

ஃபிர்மினு வெறும் ஓட்டுநர் அல்லர், 'தனிப்பட்ட' ஓட்டுநர். கறுப்பு வேன், வெள்ளைச் சட்டை, பின்கதவைத் திறந்து பிடிக்கும்போது அளவாகக் குனியும் முதுகு. எரிமலை வாய்களில் தேங்கிய ஏரிகளைப் பார்க்க வரும் விருந்தினர்களை மேலிருந்து பார்க்கும் இடத்தில் இறக்கிவிட்டு, "நிதானமா பாத்துட்டு வாங்க, நான் வண்டியிலேயே இருக்கேன்" என்பார். சொன்னபடியே இருப்பார்.

எங்கள் ஓட்டுநர் சங்கத்தின் முதல் விதியும் அதுதான்: 'உறுப்பினர் எக்காரணம் கொண்டும் வண்டியை விட்டு அகலலாகாது.' முன்பொருமுறை ஓர் உறுப்பினர் ஏரியைப் பார்க்கும் ஆசையில் இறங்கிப் போனபோது, மேய்ச்சலுக்கு வந்த பசு ஒன்று அவருடைய வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியை நக்கியே கழற்றிவிட்டது. அவசரப் பொதுக்குழு கூடியது. விதி பிறந்தது. பசுவுக்குக் கண்டனம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு விழாவில் ஃபிர்மினுவுக்குக் 'காத்திருப்புச் செம்மல்' பட்டம் கிடைத்தது. "ஏரிக்கரையில் நின்றும் ஏரியைப் பாராத மன உறுதி" என்று தலைவர் ஜெர்வாசியு புகழ்ந்தபோது சபையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பட்டத்தைப் பார்த்து அழாதவர் ஃபிர்மினுவின் மனைவி டியோலிண்டா மட்டும்தான். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்துவந்த அவர் ஒரு நாள் சூப்புக் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"அமெரிக்காவுல அக்கா பேக்கரியில ஆள் வேணுமாம். போயிடலாம்னு இருக்கேன்."

"நானும் வரணுமா?"

"உன் இஷ்டம். வேனை விமானத்துல ஏத்த மாட்டாங்க."

ஃபிர்மினு கரண்டியைக் கீழே வைத்தார். "இங்க என்ன குறை உனக்கு? உலகமே இதப் பாக்க வருது."

"வருது. நான் இன்னும் பாக்கல. சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனாங்க, அன்னைக்குன்னு ஒரே மூடுபனி. ஊருக்கெல்லாம் காட்டுறியே, எனக்கு ஒரு நாள் காட்டேன். பாத்துட்டு, இருக்கறதா போறதான்னு முடிவு பண்றேன்."

ஃபிர்மினுவுக்கு நிம்மதியாகப் போயிற்று. விருந்தினரைத் திருப்திப்படுத்துவதுதானே அவர் தொழில்.

ஞாயிற்றுக்கிழமை வேனைக் கழுவித் துடைத்துப் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"நான் முன்னாடி உக்காந்துக்கறேன்" என்றார் டியோலிண்டா.

"விருந்தினர் பின்னாடிதான்."

பின்னால் அமர்ந்தார். குளிர்ந்த தண்ணீர்ப் புட்டி ஒன்று கைக்கு வந்தது.

"ஏசி உங்களுக்குச் சரியா இருக்குதா, மேடம்?"

"யாரு மேடம்?"

"பழக்கம்" என்றார் ஃபிர்மினு, காது சிவக்க.

இரட்டை ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மலையே மேகத்துக்குள் இருந்தது. ஃபிர்மினு கலங்கவில்லை. மனப்பாடமாக ஆரம்பித்தார். "இடப்பக்கம் நீங்க பாக்கறது நீல ஏரி. வலப்பக்கம் பச்சை ஏரி."

"எனக்கு ரெண்டு பக்கமும் வெள்ளையாத்தான் தெரியுது."

"பனிக்குப் பின்னால இருக்கு. நம்பலாம்."

"வா, கிட்டப் போய்ப் பாக்கலாம்."

"வண்டிய யார் பாத்துக்கறது?"

"ஒரு பசுவக்கூடக் காணோமே."

"அதான் பயம். பனியில எங்க நிக்குதுன்னே தெரியல."

டியோலிண்டா இறங்கிப் போய்க் கைப்பிடிக் கம்பி வரை நடந்து, மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "ஃபிர்மினு, நீ இந்த ஏரியப் பாத்திருக்கியா?"

ஃபிர்மினு யோசித்தார். இங்கே வண்டி நிறுத்துமிடத்தின் சரிவு தெரியும். சரளைக்கல் எங்கே டயரைக் குத்தும், நிழல் எந்தப் பக்கம் சாயும், எல்லாம் தெரியும். "நல்லா இருக்கும்னு எல்லாரும் சொல்வாங்க" என்றார்.

மதியம் ஃபுர்னாஷ் என்ற ஊர். அங்கே மண்ணே அடுப்பு. விடியலில் புதைத்த பானையைத் தோண்டியெடுத்து, எரிமலைச் சூட்டில் வெந்த இறைச்சியையும் முட்டைக்கோஸையும் பரிமாறினார்கள். இருவருக்கான மேசை. டியோலிண்டா ஒரு நாற்காலியில் அமர்ந்தார். எதிர் நாற்காலியில் அவருடைய கைப்பை அமர்ந்தது. ஃபிர்மினு வேனுக்குள் ஸ்டியரிங் மேல் காகிதத்தை விரித்து, பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை வழக்கம்போலத் தின்றுகொண்டிருந்தார்.

டியோலிண்டா தட்டோடு வந்து ஜன்னலைத் தட்டினார். "கண்ணாடிய இறக்கு. ஒரு வாய் சாப்பிடு."

"ஐயோ வேண்டாம். முட்டைக்கோஸ் வாசனை உள்ள வந்தா போகவே போகாது. நாளைக்கு நார்வேக்காரங்க வராங்க."

"நாளைக்கு வர்ற நார்வேக்காரன் மூக்கு, இன்னைக்கு வந்த என்னைவிடப் பெரிசு."

"நீ நாளைக்கும் இருப்ப இல்ல" என்றார் ஃபிர்மினு. டியோலிண்டா தட்டோடு திரும்பிப் போனார்.

கடைசியாக நெருப்பு ஏரி. வேன் நின்றதும் பனி விலகியது. டியோலிண்டா இறங்கிப் போனார். பின்பார்வைக் கண்ணாடியில் ஃபிர்மினு அவரைப் பார்த்தார், விரலளவு உருவம், கம்பியைப் பிடித்தபடி. பிறகு அந்த உருவம் திரும்பி இரண்டு கையையும் தூக்கி ஆட்டியது. வா என்றது.

ஃபிர்மினுவின் கை கதவுப்பிடி வரை போனது. நடந்ததை மறைப்பதற்கில்லை, போகத்தான் செய்தது. அந்த நேரம் பார்த்து ஒரு சுற்றுலாப் பேருந்து வந்து, வேனுக்கு ஒரு சாண் தள்ளி உரசுவதுபோல நின்றது. ஃபிர்மினு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பேருந்துக்காரரிடம் தொழில்முறைக் கருத்துகள் சிலவற்றைச் சொன்னார். கண்ணாடியில் மறுபடி பார்த்தபோது பனி மூடி அங்கே வெறும் வெள்ளை.

திரும்பி வந்த டியோலிண்டா பின்னிருக்கையில் அமர்ந்தார். ஃபிர்மினு வழக்கமான கேள்வியைக் கேட்டார். "பயணம் திருப்தியா இருந்துச்சா?"

"தீவு அழகா இருக்கு. விட்டுப் போக மனசு வராது."

ஃபிர்மினுவுக்கு மூச்சு வந்தது. "அப்ப இங்கயே இருப்ப."

"தீவச் சொன்னேன். உன்னைத்தான் எங்கயும் காணோம். போன இடத்துலயெல்லாம் தேடினேன்."

புறப்படும் நாளில் விமான நிலையத்துக்கு ஃபிர்மினுதான் ஓட்டினார். சேவையில் ஒரு குறை சொல்ல முடியாது. பெட்டியை இறக்கி, கதவைப் பிடித்து, அளவாகக் குனிந்தார். "நிதானமா போ, நான் வண்டியிலேயே இருக்கேன்" என்றது வாய்.

மூடுபனி. விமானம் தாமதம். ஃபிர்மினுவின் கைபேசி ஒலித்தது.

"இன்னும் யாரையும் விமானத்துல ஏத்தல. எங்க இருக்க?"

"வாசலுக்கு நேரா. மூணாவது வரிசை. நல்ல இடம்."

"உள்ள வா. ஒரு காபி குடிக்கலாம்."

"இதோ." கதவுப்பிடியில் கை வைத்தார். "ஒரு நிமிஷம். பக்கத்துல ஒருத்தன் வாடகைக் கார ரிவர்ஸ் எடுக்கறான். அவனுக்கு ஓட்டவே தெரியல."

"சரி" என்றார் டியோலிண்டா. "அதப் பாரு."

பார்த்தார். வாடகைக் கார் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போனது. பனி விலகியது. விமானம் வேனுக்கு மேலாகப் பறந்து கடலுக்கு அப்பால் போனது.

அன்று சங்கத்து வண்டிகள் எல்லாமே அங்கேதான் நின்றிருந்தன. தலைவர் ஜெர்வாசியு தன் ஜன்னலை இறக்கினார்.

"உரசிட்டானா, ஃபிர்மினு?"

"இல்ல."

"ஒரு கீறல்கூட?"

"ஒண்ணுகூட இல்ல" என்றார் ஃபிர்மினு, பின்பார்வைக் கண்ணாடியில் காலி இருக்கையைப் பார்த்தபடி.

நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அவரவர் வண்டிக்குள்ளிருந்தே.