மூலையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். கம்ப்யூட்டர் நலமில்லை.

எங்களிடம் கேட்காமல் மகள் உங்களைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதிலிருந்து நான் அவளோடு பேசுவதில்லை என்றும், உங்கள் இருவரையும் வீட்டுக்கு அழைக்கவில்லை என்றும் நீங்கள் வருந்துவதாக அத்தை சொன்னாள். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. அவள் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில், திரையின் மூலையில், 'இணைப்பு இல்லை' என்று ஒரு சிவப்புப் பெருக்கல் குறி நிற்கிறது. நான் ரயில்வே சிக்னல் கேபினில் காலம் தள்ளியவன். சிவப்பைத் தாண்டிப் பழக்கமில்லை.

ஒயரைப் பிடுங்கிச் செருகினேன், மோடத்தை அணைத்துப் போட்டேன், கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டேன், குறி அசையவில்லை, ஆனால் மகளிடமிருந்து வீடியோ கால் மட்டும் தவறாமல் வருகிறது, உங்கள் அத்தை பாட்டுக்கு உட்கார்ந்து பேசுகிறாள், நான் மேசைக்கடியில் ஒயரைத் தடவிக்கொண்டிருக்கிறேன், "அப்பா எங்கம்மா?" என்று மகள் கேட்பது அங்கேயும் கேட்கிறது. "அவ எதிர்ல உக்காந்து சிரிக்கிறா, நீங்க மூலையில பெருக்கல் குறியைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க, என்ன மனுஷனோ" என்கிறாள் அத்தை. ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டால், "லைன் பக்காவா இருக்கு சார். மிஷினுக்கு வயசாயிடுச்சு, நிலவரத்தைத் தப்பா காட்டுது, நீங்க பாட்டுக்குப் பேசுங்க" என்கிறார். அதெப்படிங்க? சிக்னல் தப்பா காட்டுதுன்னா முதல்ல சிக்னலைச் சரி பண்ணணும், அப்புறம்தான வண்டியை விடணும்? குறியை எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன். நாளைக்கு வர்றாராம்.

ஆகவே தாமதத்துக்குக் கம்ப்யூட்டரே பொறுப்பு. நீங்கள் வருவதைப் பற்றி, அது சரியானதும் முறைப்படி பேசலாம்.

சண்டை வந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் தீர்த்துக்கொண்டு, இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ரிப்பேர்க்காரர் வந்து ஏதோ சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்றினார். குறி போய்விட்டது. அவர் படி இறங்குவதற்குள் மகள் கூப்பிட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். வாங்க ஒன்றுமில்லை. இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு முதல் வார்த்தை என்ன சொல்வதென்று தெரியவில்லை, மாப்பிள்ளை. பயமாக இருக்கிறது. போனில் கேட்காதீர்கள். இருவரும் கிளம்பி வந்துவிடுங்கள். அவள் வாசலில் வந்து நின்றால் எனக்கு ஓட இடமிருக்காது.