கலங்கல் சாரின் சோதனைக்குழாய்

டெல்லிக் குளிரை ஆசையாக வரவேற்ற ஒரே தமிழர் கலங்கல் சார்தான். எழுபதுகளின் கடைசியில் அவரும் நானும் கரோல் பாகில் ஒரே அறையில் குடியிருந்தோம். ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் தற்காலிக விஞ்ஞானி, நான் டைப்பிஸ்ட். காலையில் பல் தேய்க்குமுன்பே சோதனைக்குழாயைத் தூக்கிப் பார்த்து, "கலங்கிடுத்து ஓய்!" என்று கூவுவார். பெயர் அப்படி வந்தது.

முட்டை வெள்ளையிலிருந்து பிரித்த புரதத்தை உப்புத் தண்ணீரில் கரைத்து வைத்திருப்பார். சுத்த சைவம், ஆனாலும் வாரம் நாலு டஜன் முட்டை வாங்குவார். மஞ்சள் கருவெல்லாம் வீட்டுக்காரப் பஞ்சாபி அம்மாளுக்கு. அந்தக் குடும்பமே ஒரு குளிர்காலத்தில் இரண்டு சுற்றுப் பெருத்தது.

"கெட்டுப்போனதைக் கொட்டிடலாமே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கெடலை ஓய்! குளிர்ல புரதம் ஜாஸ்தியா இருக்கற துளியெல்லாம் தனியா ஒதுங்கறது. சூடு பட்டா மறுபடி ஒண்ணாயிடும்."

குழாயை அக்குளில் செருகிக்கொண்டார். சற்று நேரத்தில் பளிங்காகத் தெளிந்தது. அதிலிருந்து பஸ்ஸிலும் அதே கோலம். காய்ச்சல்காரர் என்று நினைத்த கண்டக்டர், "பாபுஜி, புகார் ஹை க்யா?" என்று பரிவாகக் கேட்டார். ஹிந்தியில் 'புகார்' என்றால் காய்ச்சல் என்று தெரியாத நம்மவர், "யார்மேலயும் புகார் இல்லப்பா" என்றார்.

அவருக்கு வேலை நீட்டிப்பு தரலாமா என்று பார்க்க ஒரு கமிட்டி வந்தது. அன்று காலை பியூன் பகதூர், கமிட்டிக்காகக் கூடத்தில் வைத்திருந்த பன்னிரண்டு குழாய்களும் பால்போல் இருந்ததைப் பார்த்து, கெட்டுப்போனதாக நினைத்துப் பளபளவென்று கழுவி வைத்துவிட்டான். டைரக்டர் கத்திய கத்தலில் பகதூருக்கு முகம் வெளுத்தது.

கலங்கல் சார் நிதானமாக ஸ்வெட்டருக்குள் கைவிட்டு, பஸ்ஸில் கொண்டுவந்த குழாயை எடுத்தார். ஐஸில் வைத்தார், கலங்கியது. கமிட்டித் தலைவர் கையில் கொடுத்தார், தெளிந்தது. தலைவர் குழந்தைபோல் நாலு முறை செய்து பார்த்தார். பிறகு அதை ஐஸிலேயே விட்டுச் சாப்பிடப் போனார்கள். திரும்பியபோது திரவம் இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றது.

"கீழ் அடுக்குல புரதம் ஜாஸ்தி சார். ரெண்டுமே தண்ணிதான்."

நீட்டிப்பு கிடைத்தது. ஆனால் டைரக்டர் விடவில்லை. பகதூரை வேலையைவிட்டு அனுப்ப, நடந்ததை எழுத்தில் தரும்படி கலங்கல் சாரிடம் கேட்டார். கலங்கல் சார் என் மேஜைக்கு வந்தார்.

"அடியும் ஓய். 'குழாய்களைக் கழுவச் சொன்னது நான்தான்.'"

"சார், அது பொய்யாச்சே!"

"ஜல்தி அடியும். அவனுக்கு மூணு குழந்தைகள்."

அடித்தேன். ஆபீஸுக்கு இரண்டு பிரதி போதும். மூன்றாவதாக ஒரு கார்பன் பிரதி எனக்காக வைத்தேன். அது இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.