வால்வெள்ளிக்காக நட்ட நாலு கம்புகள்

1985 ஒக்ரோபர் 3, வியாழக்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். ஆராவ் நகரம் மூடுபனிக்கு அடியில் இருந்தது. நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில், ஹுன்ஸிக்கரின் விடுதி வெயிலில் இருந்தது. விடுதியின் பின்புறப் புல்வெளியில் தம்பித்துரை ஓர் ஏணியின் உச்சியில், அளவுநாடாவோடு இருந்தார்.

"நாலு சென்ரிமீற்றர் கூட" என்றார்.

"எது கூட, அண்ணை?" ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த குகநாதன் கேட்டான்.

"கம்பு. வரைபடத்தில ஐஞ்சு மீற்றர் இருவது. இது ஐஞ்சு இருவத்துநாலு."

"வானத்துக்கு அவ்வளவு கிட்டப் போயிட்டமெண்டு சந்தோசப்படுங்கோவன்."

தம்பித்துரை சந்தோஷப்படவில்லை. யாழ்ப்பாணத்து நில அளவைக் கந்தோரில் பதினொரு ஆண்டு படம் வரைந்தவர் அவர். இப்போது அகதி விண்ணப்பத்தின் முடிவை எதிர்பார்த்துக்கொண்டு இந்த விடுதியில் பாத்திரம் கழுவுகிறார். அவருடைய முழுப்பெயர் முதலாளி ஹுன்ஸிக்கரின் வாய்க்குள் அடங்காததால் 'தம்பி' என்றே அழைக்கப்பட்டார். ஐம்பத்தெட்டு வயது முதலாளிக்குத் தம்பி, இருபத்து மூன்று வயதுக் குகநாதனுக்கு அண்ணை. இந்த ஏற்பாட்டில் அவருக்குப் பிழை எதுவும் தென்படவில்லை.

முதலாளி கட்ட விரும்பியது ஒரு வானாய்வுக்கூடம். எழுபத்தாறு ஆண்டுக்கு ஒருமுறை தலைகாட்டும் ஹாலி வால்வெள்ளி அந்தக் குளிர்காலத்தில் வரவிருந்தது. விடுதிக்கோ குளிர்காலத்தில் எவரும் வருவதில்லை. வால்வெள்ளியைக் காட்டினால் ஆட்கள் வருவார்கள். வந்தால் விடுதி திறந்திருக்கும். திறந்திருந்தால் இருவருக்கும் வேலை இருக்கும். தம்பித்துரைக்குத் தொலைநோக்கியின் பொறுப்பாளர் பதவி வேறு. கூடம் எழும்பாவிட்டால் டிசம்பர் கடைசியில் இருவரும் பெட்டியோடு முகாமுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஆனால் இந்நாட்டில் எதையும் கட்டுமுன், அதன் உருவத்தைக் கம்புகள் நட்டு ஊருக்குக் காட்ட வேண்டும். இருபது நாள் ஊரார் பார்ப்பார்கள். பிடிக்காதவர்கள் கிராமசபைக்கு ஆட்சேபம் எழுதலாம். நாலு மூலைக்கு நாலு கம்பு நட்டாயிற்று. கூடத்தின் கூரையான கவிகை உருண்டையானது என்பதைக் காட்ட, கம்புகளின் தலையில் தண்ணீர்க்குழாய் ஒன்றை வளைத்துக் கட்டியவரும் தம்பித்துரைதான்.

"நாலு சென்ரிமீற்றரை ஆர் பாக்கப் போகினம், தம்பி?" என்றார் முதலாளி.

தம்பித்துரை ஏணியிலிருந்து இறங்கித் தாளும் பேனாவும் எடுத்தார். வித்தியாசம் கண்டால் அன்றைக்கே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது அவருடைய பழைய மேலதிகாரியின் சட்டம். எழுதி முடித்த பிறகுதான் அன்று அவர் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தார்.

"ஆருக்கண்ணை காயிதம்?"

"கந்தோருக்கு."

குகநாதன் மேற்கொண்டு கேட்கவில்லை. அகதி விண்ணப்பக்காரர்கள் ஒருவருடைய கந்தோர்க் கடிதத்தைப் பற்றி மற்றவர் விசாரிப்பதில்லை.

இருபத்தோராம் நாள் கிராமசபையிலிருந்து தாள் வந்தது. உயரம் தொடர்பாக ஓர் ஆட்சேபம் கிடைத்துள்ளது. அனுப்பியவரின் பெயரைக் கந்தோரில் பார்வையிடலாம்.

"பாக்கிறதுக்கு என்ன கிடக்கு?" என்று முதலாளி மலையை அண்ணாந்து பார்த்தார்.

மேல்வீட்டு மாடத்தில் விதவை திருமதி வீஸ் இரட்டைக்குழல் தூரநோக்கியோடு நின்றார். காலையிலும் நின்றார், மாலையிலும் நின்றார்.

"அந்த மனிசிக்கு மலைக்காட்சி மறைக்குதாம். நாப்பது சென்ரிமீற்றர் குறைப்பம்."

கம்புகள் குறைக்கப்பட்டன. குறைத்த கூடத்துக்குள் தொலைநோக்கி அடங்காது என்று தம்பித்துரை கணக்குப் போட்டுக் காட்டினார். ஆகவே தரையை நாற்பது சென்ரிமீற்றர் தோண்டினார்கள். தோண்டிய மண்ணைச் சுற்றிவரப் பரப்பினார்கள். தம்பித்துரை ஏணியில் ஏறினார்.

"இப்ப ஏழு சென்ரிமீற்றர் குறைவு."

"எப்பிடியண்ணை? கம்பு வளருமெண்டாலும் நம்பலாம், தேயுமோ?"

"கம்பு தேயேல்லை. மண் பரப்பினதால நிலம் உயர்ந்திட்டுது."

"நீங்கள் அளக்கிறதை விட்டாலே எல்லாம் சரிவரும்."

இதை வேலைத்தளத்தில் சொல்லத் தகாத வார்த்தையாகக் கருதி, தம்பித்துரை அன்று முழுவதும் குகநாதனோடு கதைக்கவில்லை.

இதற்கிடையில் உபகரணங்கள் வந்து சேர்ந்தன. குளியல் தொட்டியளவு தொலைநோக்கிக்கு உருளைக்கிழங்கு நிலவறையைக் கொடுத்தார்கள். உருளைக்கிழங்குக்கு ஆறாம் இலக்க அறையைக் கொடுத்தார்கள். தானியக் களஞ்சியக் கூரை செய்பவரிடம் வாங்கிய வெள்ளைக் கவிகை, வாகனத் தரிப்பிடத்தில் மல்லாந்து கிடந்து மழைநீர் பிடித்தது. அயல் பண்ணைப் பசுக்கள் வரிசையாக வந்து அதில் தண்ணீர் குடித்தன.

நவம்பர் 18. இரண்டாவது ஆட்சேபம். இதுவும் உயரம்.

"குறைச்சாலும் குற்றமோ?" முதலாளி தொப்பியைக் கழற்றி எறிந்தார்.

"நான் போய்ச் சமாதானம் பேசிறன்" என்றார் தம்பித்துரை.

அவர் ஒரு தட்டு மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு மேல்வீட்டுக்கு ஏறினார். திருமதி வீஸ் நாலு தின்றார். பிறகு தூரநோக்கியைத் தம்பித்துரையின் கண்ணில் வைத்து, கீழே சுட்டிக்காட்டிச் சிரித்தார். பசுக்கள் கவிகையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

"மாடுகள்தான் பிரச்சினை" என்று திரும்பிவந்து அறிவித்தார் தம்பித்துரை.

உடனே கவிகையைத் தூக்கிக் குழிக்குள் ஒளித்தார்கள். அன்றிரவு மழை பெய்து குழி நிரம்பியது. மறுநாள் அது உறைந்து, கவிகை பனிக்கட்டியோடு ஒட்டிக்கொண்டது. சமையலறை அடுப்புகள் அனைத்திலும் வெந்நீர் வைத்துக் கவிகையை மீட்டார்கள். மதியச் சூப் மாலை நாலரைக்குப் பரிமாறப்பட்டது. உறைபனியோ நிலத்தைத் தூக்கியது. நிலம் கம்புகளைப் பத்துச் சென்ரிமீற்றர் தூக்கியது.

"மூண்டு சென்ரிமீற்றர் கூட" என்று ஏணியிலிருந்து குரல் வந்தது.

குகநாதன் காதைப் பொத்திக்கொண்டான்.

டிசம்பர் 12. மூன்றாவது ஆட்சேபம். தம்பித்துரை கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார்.

டிசம்பர் 19, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி, இலேசான பனித்தூறல். கிராமசபை லிகிதர் செல்வி ரூட்டி கோப்போடு தாமே மலையேறி வந்தார். அவருக்குப் பின்னால், கேக் ஒன்றை ஏந்திக்கொண்டு திருமதி வீஸும் வந்தார்.

"அனுமதி கிடைச்சிருக்கு" என்றார் லிகிதர். "மூண்டு சென்ரிமீற்றருக்கு உறைபனிதான் பொறுப்பெண்டு சபை தீர்மானிச்சிருக்கு. தலைவர் கையெழுத்து வைச்சிட்டார்."

குகநாதன் தம்பித்துரையைக் கட்டிப்பிடித்தான். முதலாளி தாளைப் பறித்தெடுத்து, திருமதி வீஸின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாத்தீங்களோ? மூண்டு தரம் எழுதியும் உங்களுக்கு வெல்ல முடியேல்லை!"

"நானோ? நான் ஒரு வரியும் எழுதேல்லையே! மாடு பாத்தன், மனிசர் படுற பாடு பாத்தன். இந்தப் பத்து வருசத்தில இப்பிடிப் பொழுது போனதில்லை. வால்வெள்ளி பாக்க முதல் ஆளா என்ர பேரை எழுதுங்கோ."

முதலாளி நீட்டிய தாளை மடித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். தம்பித்துரைக்கு மட்டும் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. இரண்டு மாதமாக வெட்டியது, தோண்டியது, வெந்நீர் சுமந்தது எல்லாம் கண்முன் வந்தன.

"அப்ப ஆர் அந்த ஆள்?" என்று மேசையில் அடித்தார். "மூண்டு தரம் எங்கட வேலையைக் குழப்பின அந்த மனிசன் ஆரெண்டு எனக்குத் தெரியவேணும்!"

லிகிதர் கோப்பிலிருந்து இரண்டாவது உறையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"ஆட்சேபம் எழுதினவருக்கும் தீர்மானத்தில ஒரு பிரதி கையில குடுக்கவேணும், மூண்டு கடிதத்திலயும் அளவு அச்சொட்டாச் சரியெண்டு சபை உங்களைப் பாராட்டியுமிருக்கு, திரு. தம்பித்துரை, இந்த இடத்தில கையெழுத்து வையுங்கோ."