சீட்டுக்கடியில் ஒரு மஞ்சள் முடிச்சு

பூவனநாதன் மறுபடியும் கார் ஓட்டப்போவதாக அறிவித்தார்.

அறிவிப்பு நடந்தது சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால். கேட்க வந்திருந்த பொதுமக்கள், அவர் மனைவி கிருஷ்ணவேணி ஒருத்தி மட்டும். கூட்டம் குறைவு என்பதற்காகப் பேச்சைச் சுருக்குகிற ஆள் இல்லை அவர். கோவில்பட்டியில் பல வருஷம் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தி ஓய்ந்தவர். அதட்டுவதற்கு இப்போது ஆள் இல்லாததால், அதட்டல் முழுவதும் அப்படியே மிச்சம் இருந்தது.

"தை மாசம் பேத்திக்குக் காதுகுத்து. ஓட்டப்பிடாரத்துக்கு நம்ம கார்லதான் போறோம். நான்தான் ஓட்டுதேன்."

"எந்தக் காரு?"

"நம்ம ஹெரால்டு காரு."

"அதுல கோழியில்லா அடையுது?"

"கோழிய எறக்கிட்டு நாம ஏறுவோம்."

கிருஷ்ணவேணி ரசத்தை ஊற்றினாள். அவள் எதிர்த்துப் பேசாவிட்டால் சம்மதித்துவிட்டாள் என்று பூவனநாதன் எடுத்துக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து அவர் விடாமல் செய்துவரும் தப்பு அது ஒன்றுதான்.

இந்த வீராப்புக்குக் காரணம் சம்பந்தி பெருமாள்சாமி. போன மாதம் ஓட்டப்பிடாரத்தில் மகள் பொன்மணியைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, சம்பந்தி தன் டிரைவரைக் கூப்பிட்டு, "இவியள பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்டுட்டு வா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் பஸ் ஸ்டாண்டு என்ற வார்த்தை பூவனநாதனின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. தெருவில் வேறு யாரிடமும் கார் இல்லாத காலத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு போனவர் அவர். அவரைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கி விடுவதா?

மறுநாளே மெக்கானிக் கருத்தையா வந்து நின்றான். கொட்டகைக்குள் தூசி மூடிக்கிடந்த காரைப் பார்த்தான். பிறகு, 'தேறுமா?' என்று பூவனநாதன் கேட்டதற்கு, கிருஷ்ணவேணியைப் பார்த்தான்.

"என்னக்கா செய்ய?"

"ஏலே, காரு என்னோடது. அவகிட்ட என்ன கேக்க?" என்றார் பூவனநாதன்.

"செய்யி தம்பி. அவியளுக்கும் பொழுது போகணும்லா" என்றாள் கிருஷ்ணவேணி.

வேலை ஆரம்பமானது. துருவைச் சுரண்டினார்கள். ஓட்டை விழுந்த இடங்களில் தகரம் வைத்து அடைத்தார்கள். வெளிர்நீலத்தில் பெயிண்ட் ஏறியது. டயர் புதிது, பேட்டரி புதிது. பழைய சொந்தக்காரர்களான கோழிகள் கொட்டகை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. எல்லாம் முடிந்து சாவியைத் திருகினால், இன்ஜின் 'கிர்ர் கிர்ர்' என்று முனகியதே தவிர, பற்றவில்லை.

கருத்தையா பானெட்டைத் தூக்கி, ஒரு கறுப்பு மூடியைத் திறந்து காட்டினான். "இதுக்குள்ள ரோட்டார்னு ஒண்ணு சுத்தணும் அண்ணாச்சி. கட்டைவிரல் தண்டிதான் இருக்கும். அது இல்லாம கரண்டு போவாது, வண்டி பத்தாது. அதக் காணல."

"எங்க போச்சு?"

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்."

"எலிக்கு எதுக்குலே ரோட்டார்?"

"எலி மனசு யாருக்குத் தெரியும், அண்ணாச்சி?"

இந்தக் காருக்கு அந்தச் சாமான் இப்போது வருவதில்லை என்று கருத்தையா சொன்னான். மதுரையில் கேட்டுவிட்டதாகவும் சொன்னான். அவன் கேட்கிற வேகத்தில் நம்பிக்கை இழந்த பூவனநாதன், தானே கோயம்புத்தூரில் ஒரு பழைய கார் சாமான் கடையின் நம்பரைத் தேடிப்பிடித்துப் பேசினார். பார்த்துச் சொல்கிறேன் என்றார்கள். அது வரும்வரை சும்மா இருப்பானேன், சீட்டுக்குப் புது உறை தைத்துவிடலாம் என்று பின்சீட்டைப் பெயர்த்தார்.

பழைய காரின் பின்சீட்டைப் பெயர்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே கிடப்பது குப்பை இல்லை, சாட்சி. நாம் மறந்துவிட்ட வழக்குகளை எல்லாம் அது எடுத்து நடத்தும்.

முதலில் வந்தது ஒரு கட்டு தீப்பெட்டி லேபிள். அவருடைய ஆபீஸின் லேபிள்தான். கட்டுக் காணாமல் போனதென்று அந்தக் காலத்தில் ஒரு கணக்குப்பிள்ளையை வேலையை விட்டே நிறுத்தியிருந்தார். பூவனநாதன் அதைச் சத்தமில்லாமல் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்து ஒரு கடலைமிட்டாய்ப் பாக்கெட். மிட்டாயை எறும்பு காலி செய்து, பேப்பரை மட்டும் நேர்மையாக விட்டுவைத்திருந்தது.

"சர்க்கரை கூடாதுன்னு டாக்டர் சொன்ன பொறவு வாங்குனதா, முன்ன வாங்குனதா?" என்று கேட்டாள் கொட்டகை வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த கிருஷ்ணவேணி.

"எறும்பத்தான் கேக்கணும்."

மூன்றாவதாக வந்தது மூக்குக்கண்ணாடி. ஒரு கண்ணில் கீறல். பூவனநாதன் துடைத்து மாட்டிப் பார்த்தார்.

"உன் தம்பி மேல உக்காந்து ஒடச்சு, எங்கயோ எறிஞ்சுட்டான்னுல்லா நெனச்சேன்!"

"நெனச்சீங்களா? தீபாவளிக்கு வந்தவன்கிட்ட மூஞ்சி குடுத்தே பேசல. அவன் அன்னைக்குச் சாப்பிடாமப் போனான்."

"சரி, விடு."

அதற்கும் அடியில் ஒரு செருப்பு கிடந்தது. பெண்கள் போடுகிற செருப்பு. ஒற்றை. அடியில் கரிசல் மண் அப்பிக் கல்லாக இறுகியிருந்தது.

"ஏட்டி, உன் செருப்புதான இது? இன்னொண்ணு எங்க?"

கிருஷ்ணவேணி சுளகைக் கீழே வைத்தாள். "கழுகுமலை ரோட்டோரம், பருத்திக் காட்டுக்குள்ள கெடக்கு" என்றாள்.

அப்போதுதான் பூவனநாதனுக்கு ஞாபகம் வந்தது. ஐப்பசி மாதம், கருக்கல் நேரம், தூறல். கழுகுமலைக் கோவிலிலிருந்து இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியைக் காணாததால் கண்ணாடி இல்லாமலே ஓட்டினார். எதிரே வந்த பஸ் கிட்டத்தில் வந்த பிறகுதான் பஸ் என்று தெரிந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, காட்டுக்குள் அச்சு வரைக்கும் புதைந்து நின்றது. ஈரக் கரிசல் பிடித்தால் விடாது. இறங்கி நடந்த கிருஷ்ணவேணியின் ஒரு செருப்பை மண் வாங்கிக்கொண்டது. இன்னொன்றை அவள் வண்டிக்குள் எறிந்துவிட்டு, வெறுங்காலோடு ரோட்டுக்கு ஏறினாள். டிராக்டர் வைத்து இழுத்து வந்த பிறகு, வண்டி கிளம்பவே இல்லை. சேறு உள்ளே போய்விட்டது, தேறாது என்று கருத்தையா அப்போது சொல்லியிருந்தான்.

இந்தக் கதையைப் பூவனநாதன் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். 'எங்க வீட்டம்மா செருப்பக் கரிசக்காட்டுக்கு மொய் எழுதிட்டா' என்பதுதான் கதையின் முடிவு. அவள் ஒருநாளும் அதற்குச் சிரித்ததில்லை என்பது, அந்தச் செருப்பைக் கையில் வைத்திருக்கும்போதுதான் அவருக்குத் தோன்றியது. அவருக்கு என்னமோபோல் இருந்தது. செருப்பைக் கீழே போடாமல், காரின் டேஷ்போர்டில், கழற்றி வைத்திருந்த மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

கடைசியாக, சீட்டின் ஸ்பிரிங்குக்குள் செருகியிருந்த ஒரு மஞ்சள் துணி முடிச்சு கைக்கு வந்தது. பல சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிந்திருந்தது. சாமிக்கு முடிந்த காசு என்று பார்த்தாலே தெரிந்தது.

"கருத்தையா, இதப் பாரு."

பானெட்டுப் பக்கம் நின்ற கருத்தையா வந்து பார்த்தான். சட்டென்று ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "சாமி முடிச்சு அண்ணாச்சி. நான் தொட மாட்டேன். கையெல்லாம் கிரீஸு."

கிருஷ்ணவேணி எழுந்து வந்தாள். முடிச்சைப் பார்த்தாள், கருத்தையாவைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"நான்தான் முடிஞ்சேன். செருப்புப் போன அன்னைக்கு, கழுகுமலை முருகனுக்கு."

"எதுக்கு?"

"உங்களுக்குத்தான். உங்க உசுருக்கு."

பூவனநாதன் முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தன் பெயருக்கு ஒரு முடிச்சு இத்தனை காலமும் தன் காருக்குள்ளேயே இருந்திருக்கிறது. இவர் அதன்மேல் கோழியை அடையவிட்டிருக்கிறார்.

"இன்னும் செலுத்தாம வச்சிருக்கியேட்டி! பலிச்சாச் செலுத்தணும்லா? பலிச்சுதா இல்லியா?"

"இதுவரைக்கும் பலிச்சுக்கிட்டுத்தான் இருக்கு."

"அப்பம் உடனே செலுத்திருவோம். இந்தப் பாக்கி நிக்கப்போயித்தான் ரோட்டார் கெடைக்கல. இப்பம்லா புரியுது!"

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் கிருஷ்ணவேணி. "உங்க கையாலதான் உண்டியல்ல போடணும். அப்படித்தான் வேண்டியிருக்கேன். பிரிச்சுப் பார்க்கக் கூடாது."

கருத்தையா அவசரமாக இருமிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனான்.

வெள்ளிக்கிழமை இருவரும் பஸ்ஸில் கழுகுமலைக்குப் போனார்கள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பூவனநாதன், அக்கம்பக்கத்து சீட்டுக்கும் கேட்கும்படி, "அடுத்த தடவ நம்ம கார்ல வருவோம்" என்றார். கிருஷ்ணவேணி அவர் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். வழியில் அந்தப் பருத்திக் காடு வந்தது. பூவனநாதன் மட்டும் பார்த்தார். எழுப்பிக் காட்டலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

உண்டியல் முன்னால் நின்று, 'முருகா, ரோட்டார் கெடைக்கணும்' என்று மனமுருக வேண்டிக்கொண்டு முடிச்சைப் போட்டார். அது லேசில் போகவில்லை. ரெண்டு விரலால் திணிக்க வேண்டியிருந்தது.

"என்ன, மஞ்சக் கெழங்கு பெரிசா வச்சு முடிஞ்சிருக்க?"

கிருஷ்ணவேணி கைகூப்பி நின்றாள். கண்ணை மூடியிருந்தாள். முடிச்சு உள்ளே போய் 'டொக்' என்று விழுந்த பிறகுதான் திறந்தாள். கண் கலங்கியிருந்தது. தன் மேல் இவளுக்கு இவ்வளவு பிரியமா என்று பூவனநாதன் நெகிழ்ந்துபோய், வெளியே வந்ததும் அவளுக்குப் பூ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் கோயம்புத்தூர்க் கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. 'ஸ்டாக் இல்லை சார். சாமான் இப்படித்தான் இருக்கும். பழசு இருந்தால் அனுப்புங்கள், அதைப் பார்த்து ஒன்று செய்து தருகிறோம்.'

பூவனநாதன் தன் இப்போதைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கட்டைவிரல் தண்டி. ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் மூக்கு மாதிரி ஒரு நீட்டல். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று கண்ணுக்குத் தோன்றவில்லை. தொட்டிருக்கிறோம் என்று விரலுக்குத் தோன்றியது. நேற்று உண்டியலில் திணித்த அதே ரெண்டு விரல்.

அடுப்படிக்குப் போனார்.

"ஏட்டி வேணி, அந்த முடிச்சுல இருந்தது மஞ்சக் கெழங்குதான?"

"மஞ்சக் கெழங்குன்னு நான் சொன்னேனா?"

"ரோட்டாரா?"

கிருஷ்ணவேணி அடுப்பைக் குறைத்து வைத்தாள். "காசும் இருந்துச்சு" என்றாள்.

"யாரு கழட்டுனா?"

"கருத்தையாத் தம்பிதான். நான்தான் கழட்டச் சொன்னேன்."

"அவனா? எங்கூடச் சேர்ந்து தேடுனானே! எலி தூக்கிட்டுப் போச்சுன்னானே!"

"அது அவன் சொந்தமாச் சொன்னது. எலின்னு நான் சொல்லிக் குடுக்கல."

"வண்டிக்குள்ளயே ஏன் ஒளிச்சு வச்ச?"

"பொறவு எங்க வைக்க? பீரோவுல வச்சாத் தொழாவுவீங்க. வண்டியத் தொடைக்க என்னைக்கு நீங்க குனிஞ்சிருக்கீங்க?"

பூவனநாதனுக்குக் கோபம் வந்தது. அதட்டலை எல்லாம் ஒன்றாகத் திரட்டி, "என் உசுருக்குன்னு சொன்னியே, பொய்யா?" என்றார்.

"பொய்யில்ல." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த பஸ் லைட்டு என் மூஞ்சியில அடிக்குது. உங்களப் பார்க்கேன். நீங்க சிரிச்ச மூஞ்சியா ஓட்டிக்கிட்டு வாரீங்க. பஸ்ஸு உங்க கண்ணுக்கே தெரியல. நீங்க ஊரெல்லாம் செருப்புக் கதை சொல்லிச் சிரிச்சீங்க. எனக்கு இன்னும் அந்த லைட்டு கனவுல வருது. முருகா, இவிய கையில இனிமே வண்டி ஓடக் கூடாது, ஓடாம வச்சிருந்தா இவிய கையாலயே உனக்குச் செலுத்த வைக்கேன்னு வேண்டுனேன். செலுத்தியாச்சு."

பூவனநாதன் கொட்டகைக்குப் போனார். காருக்குள் ஏறி ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். கையில் போன் இருந்தது. நாட்டில் கோயம்புத்தூர் ஒன்றுதானா? சென்னை இருக்கிறது. ஒரு நம்பர் தேடினால் போதும். எதிரே ஒற்றைச் செருப்பு இருந்தது, பக்கத்தில் கீறல் விழுந்த கண்ணாடி. தன் பக்கத்தில் ஒருத்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள், தனக்கு அது இத்தனை வருஷமும் தெரியவில்லையே என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. கிருஷ்ணவேணி ரெண்டு தம்ளர் காப்பியோடு ஏறி உட்கார்ந்தாள். செருப்புப் போன நாளுக்குப் பிறகு இந்தக் காரில் அவள் ஏறுவது இப்போதுதான்.

"காதுகுத்துக்கு எப்படிப் போக?" என்றார் பூவனநாதன், முன்கண்ணாடியைப் பார்த்தபடி.

"பஸ்ஸுலதான்."

"சம்பந்தி மறுபடியும் பஸ் ஸ்டாண்டுல கொண்டு விடுவாரு."

"விடட்டும். எறங்கி நடக்க ரெண்டு பேரும் இருக்கோம்லா."

பூவனநாதன் காப்பியைக் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் ரெண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

கிருஷ்ணவேணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிரே இருந்த கொட்டகைச் சுவரை உற்றுப் பார்த்தாள்.

"கொஞ்சம் மெதுவாப் போங்க."